ஓராண்டு கூடப் பள்ளி பார்க்காத வழக்கறிஞர்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, பள்ளி வாரியத்தினரே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, ஆசிரியப் பெருமக்களே, வேலைக் களைப்பையும் பாராமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே, பரிசு வாங்கப் போகிற பிள்ளைகளே, பரிசு வாங்காமல் கைதட்டப் போகிற பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

கடைசியாகச் சொன்னேனே, கைதட்டப் போகிற பிள்ளைகள் என்று, அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சில் பாதி. மீதிப் பாதி அவர்களைப் பெற்றவர்களுக்கு. பரிசு வாங்குகிறவர்களைப் பாராட்ட இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

ஆபிரகாம் லிங்கன் என்ற பெயரைக் கேட்காதவர் இந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டீர்கள். மரக்குடிசையில் பிறந்தார், அடுப்பு வெளிச்சத்தில் படித்தார், அமெரிக்காவுக்கே அதிபர் ஆனார் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் கதை குடிசையில் தொடங்கி ஒரே தாவலில் அதிபர் மாளிகைக்குப் போய்விடுகிறது. இடையில் என்ன நடந்தது? அதை யாரும் சொல்வதில்லை. அதிபர் ஆவதற்கு முன்னால் அவர் ஏறக்குறைய 25 ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தார். அதில் முதல் சில ஆண்டுகள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். இன்று நான் சொல்ல வந்தது அந்த வக்கீல் லிங்கனைப் பற்றி. அவர் குற்றம் குறை இல்லாத தெய்வம் அல்லர். நம்மைப் போல் கடன் வாங்கினார், தோற்றார், தவறும் செய்தார். அதனால்தான் அவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள முடிகிறது.

காகிதத்தால் நிலம் இழந்த தகப்பனார்

1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12. கென்டக்கி மாநிலத்தில் ஒரே அறை கொண்ட மரக்குடிசையில் லிங்கன் பிறந்தார். அன்றைய அமெரிக்காவுக்கு அதுதான் மேற்கு எல்லைப்புறம். காட்டை வெட்டித் திருத்திக் குடியேறிக்கொண்டிருந்த காலம். அந்த மண்ணில் வழிவழியாக வாழ்ந்த செவ்விந்தியப் பழங்குடியினரைத் துரத்திவிட்டுத்தான் அந்தக் குடியேற்றம் நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

தந்தையார் பெயர் தாமஸ் லிங்கன். தச்சு வேலையும் தெரியும், உழவும் தெரியும். எழுத்து மட்டும் தெரியாது. தம் பெயரைத் தட்டுத் தடுமாறி எழுதுவார், அவ்வளவுதான். அவர் சோம்பேறியோ பொறுப்பற்றவரோ அல்லர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, இங்கும் அங்கும் கூலி வேலை செய்து வளர்ந்தவர். அவருக்கு யார் எழுத்துச் சொல்லிக் கொடுப்பார்கள்?

அந்தத் தாமஸ் காசு கொடுத்து நிலம் வாங்கினார். ஆனால் கென்டக்கியில் நில அளவை தாறுமாறாக நடந்திருந்தது. ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று பேர் பத்திரம் வைத்திருப்பார்கள். வழக்கு, வம்பு, வாய்தா. வியர்வை சிந்தி உழுதவர் தாமஸ், காகிதம் வேறொருவரிடம்! இப்படி அலைக்கழிந்துதான் 1816 டிசம்பரில் குடும்பத்தோடு இண்டியானாவுக்குப் போனார். அங்கே அரசாங்கமே நிலத்தை அளந்து விற்றது, பத்திரம் உறுதி. அடிமை முறை இல்லாத மண் என்பதும் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் நிலப் பத்திரம்தான் என்று லிங்கனே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

பெற்றோர்களே, இதைக் கொஞ்சம் மனத்தில் வையுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாமல் தடுமாறிய தகப்பனார். அவர் பெற்ற மகன் பின்னாளில் நில அளவையாளரானார், அதன்பின் வழக்கறிஞரானார். தகப்பனைத் துரத்திய அந்தக் காகிதத்தை மகன் கையில் எடுத்து வாசித்தார்.

எழுதப் படிக்கத் தெரியாத சிற்றன்னை

1818-இல் தாயார் நான்சி இறந்துபோனார். நச்சுச் செடி தின்ற மாட்டின் பாலைக் குடித்ததால் வரும் ஒரு நோய். அந்தப் பகுதியில் பலரை அது கொண்டுபோனது. பையனுக்கு அப்போது 9 வயது. மறு ஆண்டு தகப்பனார் சாரா புஷ் ஜான்ஸ்டன் என்ற விதவையை மணந்து அழைத்து வந்தார். அந்த அம்மாளுக்கு ஏற்கெனவே 3 பிள்ளைகள். "சித்தி வந்தா சோத்துக்கு வழியில்ல"ன்னு நம்ம ஊர்ல சொல்வாங்களே, அங்கே நேர்மாறாக நடந்தது.

வந்தவர் மூட்டை முடிச்சோடு சில புத்தகங்களையும் கொண்டுவந்தார். அவருக்கோ எழுதப் படிக்கத் தெரியாது! ஆனாலும் இந்தப் பையன் புத்தகத்தோடு உட்கார்ந்தால் அவர் தடுக்க மாட்டார். காகிதம் இல்லாவிட்டால் பையன் பலகையில் எழுதுவான்; பலகை கறுத்துப்போனால் சீவிவிட்டு மறுபடி எழுதுவான். இதையெல்லாம் அந்த அம்மாள் முதுமையில், மகன் இறந்த பிறகு, 1865-இல் தம்மைத் தேடி வந்தவரிடம் சொல்லியிருக்கிறார்.

பள்ளிக்கூடமா? வாத்தியார் கிடைத்தால் குளிர்காலத்தில் சில வாரம் நடக்கும். ஒரு பள்ளிக்கு நாலு மைலுக்கு மேல் நடக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் உரக்க வாசிக்க வேண்டும். வாய் மூடினால் படிக்கவில்லை என்று பொருள். ஆனா ஆவன்னா போல் எழுத்து, கொஞ்சம் வாசிப்பு, விகிதக் கணக்கு வரைக்கும் எண். அவ்வளவுதான் பாடம். அப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போன நாளையெல்லாம் கூட்டினால் ஓராண்டு கூட நிறையாது. இதுவும் அவரே எழுதியதுதான்.

மற்ற நாளெல்லாம் கோடரி. கொஞ்சம் வளர்ந்ததும் தகப்பனார் அவரை அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்குக் கூலிக்கு அனுப்பினார். அந்தக் கூலி பையன் கைக்கு வராது. 21 வயது வரை பிள்ளையின் சம்பாத்தியம் தகப்பனுக்கே உரியது, அன்றைய சட்டம் அது. லிங்கன் மனத்தில் இது முள்ளாகத் தங்கிவிட்டது. ஒருவன் உழைத்து இன்னொருவன் உண்பது தவறு என்று பின்னாளில் மேடைக்கு மேடை பேசினாரே, அந்தப் பேச்சின் வேரில் இந்தக் கோடரி வேலையும் இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

13 பேரில் 8-ஆவது

1831-இல், 22 வயதில், வீட்டை விட்டு வெளியேறி இல்லினாய் மாநிலத்தில் நியூ சேலம் என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். சங்கமன் ஆற்றங்கரையில் சில குடிசைகள், ஒரு மாவு ஆலை, சில கடைகள். அங்கே ஒரு கடையில் வேலை. இலக்கணம் சரியாகத் தெரியவில்லையே என்ற குறை அவருக்கு இருந்தது. ஆறு மைல் தள்ளி ஒருவரிடம் இலக்கண நூல் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, நடந்து போய் வாங்கி வந்து படித்தார். வயது இருபதைத் தாண்டிய பிறகு இலக்கணம்!

வந்த மறு ஆண்டே, 1832-இல், சட்டமன்றத் தேர்தலில் நின்றார். ஊர்க்காரர்களுக்கு வெளியிட்ட அறிக்கையில், ஆற்றைச் சீர்படுத்த வேண்டும் என்று எழுதினார். மக்கள் கவனிக்க வேண்டியவற்றுள் தலையாயது கல்வி என்றும் எழுதினார். இடையில் பிளாக் ஹாக் என்ற செவ்விந்தியத் தலைவரோடு போர் வந்தது. தொண்டர் படையில் சேர்ந்தார், தோழர்கள் அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். சண்டை எதையும் பார்க்காமலே திரும்பினார். தேர்தல் முடிவு வந்தது. 13 வேட்பாளர்களில் இவர் 8-ஆவது. தோல்வி.

பிள்ளைகளே, எட்டாவது! பரிசுப் பட்டியலில் எட்டாவது இடத்துக்குப் பெயர் உண்டா? கிடையாது. ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அவரை நேரில் அறிந்த நியூ சேலம் வட்டாரத்தில் சுமார் 300 வாக்குகளில் 277 வாக்கு அவருக்கே விழுந்தது. ஒரு வருஷம்கூடச் சரியாகப் பழகாத மனிதருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்படி வாக்களித்தார்கள். பரிசு வாங்காத பிள்ளையே, உன்னைத் தெரிந்தவர்கள் உன்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதும் ஒரு மதிப்பெண்தான்.

தோற்ற பிறகு பெர்ரி என்பவரோடு கூட்டுச் சேர்ந்து கடை வைத்தார். கடை படுத்துவிட்டது. 1835-இல் கூட்டாளி இறந்துபோனார். ஆயிரத்து நூறு டாலர் அளவுக்குக் கடன் இவர் தலையில் விழுந்தது. எல்லைப்புறத்தில் இப்படிக் கடன்பட்டவர்கள் இரவோடு இரவாக ஊரை விட்டு ஓடிவிடுவது வழக்கம். இவர் ஓடவில்லை. அது என்னுடைய தேசியக் கடன் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டே பல ஆண்டு பாடுபட்டு அடைத்தார். அதற்காக ஊர் அஞ்சல்காரர் வேலை பார்த்தார், நில அளவை கற்றுக்கொண்டு சங்கிலியும் திசைகாட்டியுமாகக் காடு மேடெல்லாம் அளந்தார். ஒருமுறை கடனுக்காக அந்த அளவைக் கருவிகளே ஏலத்துக்கு வந்தன. நண்பர் ஒருவர் ஏலத்தில் எடுத்து, அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

1834-இல் மறுபடி தேர்தலில் நின்றார். வென்றார். சட்டமன்றம் அப்போது வண்டேலியா என்ற ஊரில் கூடியது. போட்டுக்கொண்டு போக நல்ல உடுப்பில்லை. ஊர் நண்பரிடம் 200 டாலர் கடன் வாங்கி உடுப்புத் தைத்துக்கொண்டு போனார். 1834, 1836, 1838, 1840 என்று தொடர்ந்து நான்கு முறை மக்கள் அவரை அனுப்பினார்கள்.

கடன் வாங்கிய புத்தகம், கடன் வாங்கிய குதிரை

ஜான் ஸ்டூவர்ட் என்ற வழக்கறிஞர், "நீயும் சட்டம் படி" என்று தூண்டினார். தம் புத்தகங்களையும் கொடுத்தார். அன்று அந்தப் பகுதியில் சட்டக் கல்லூரி கிடையாது. மூத்த வக்கீலிடம் உட்கார்ந்து படிப்பார்கள். லிங்கன் அதுவும் இல்லாமல் தனியாகவே படித்தார். பிளாக்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் எழுதிய சட்ட விளக்க நூல் அவருக்கு மூலபாடம். மரத்தடியில் படித்தார், நடந்துகொண்டே படித்தார். ஸ்பிரிங்ஃபீல்டு நகரம் 20 மைல். புத்தகம் மாற்ற அவ்வளவு தூரம் போய்வந்தார்.

1836 செப்டம்பரில் வழக்கறிஞர் உரிமம் கிடைத்தது. 1837 ஏப்ரல் மாதம், கடன் வாங்கிய குதிரையில், இரண்டு பைகளோடு ஸ்பிரிங்ஃபீல்டு வந்து இறங்கினார். கடைக்காரர் ஜோஷுவா ஸ்பீடிடம் படுக்கைக்கு என்ன விலை என்று கேட்டார். 17 டாலர் என்றார் கடைக்காரர். அவ்வளவு காசு இல்லை. கிறிஸ்துமஸ் வரை தவணை கொடுங்கள், தொழில் ஓடினால் தந்துவிடுகிறேன், ஓடாவிட்டால் எப்போது தர முடியுமோ தெரியாது என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த முகத்தைப் பார்த்த ஸ்பீடு, மாடியில் தம் அறையிலேயே தங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஸ்டூவர்ட் தம் அலுவலகத்திலேயே கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார்.

வக்கீல் தொழில் என்றால் குளிர்சாதன அறையும் சுழல் நாற்காலியும் என்று நினைக்காதீர்கள். நீதிபதி ஊர் ஊராகப் போவார். அவர் பின்னால் வக்கீல்கள் குதிரையிலும் வண்டியிலும் போவார்கள். வசந்த காலத்தில் ஒரு சுற்று, இலையுதிர் காலத்தில் ஒரு சுற்று. 400 மைலுக்கு மேல், பாதையில்லாப் புல்வெளியில், பாலமில்லா ஆற்றைக் கடந்து போக வேண்டும். விடுதியில் ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்துக்கொள்வார்கள். காலையில் எதிரெதிராக நின்று வாதாடியவர்கள் இரவில் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். வழக்கெல்லாம் என்ன? கடன் பத்திரம், தொலைந்த பன்றி, வேலித் தகராறு, அவதூறுப் பேச்சு. வாழ்நாளில் அவரும் அவர் கூட்டாளிகளுமாக 5,000-க்கும் மேற்பட்ட வழக்குகளைப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றுக்குக் கூலி 5 டாலர், 10 டாலர். பெரிய ரயில் கம்பெனிக்காகவும் வாதாடியிருக்கிறார். அந்தக் கம்பெனி கேட்ட கூலியைத் தர மறுத்தபோது அதன் மேலேயே வழக்குப் போட்டு 5,000 டாலர் வாங்கியும் இருக்கிறார். ஏழையிடம் இளகுவார், அதற்காக ஏமாளி அல்லர்!

இளம் வக்கீல்களுக்கென்று அவர் எழுதி வைத்த குறிப்பு ஒன்று உண்டு. அதன் சாரம் இது. வழக்கை வளர்க்காதே, முடிந்தவரை சமாதானம் செய்து வை. வழக்கில் வென்றவன்கூடச் செலவிலும் நேரத்திலும் பாதி தோற்றவன்தான். முழுக் கூலியையும் முன்னதாகவே வாங்காதே. வாங்கினால் வேலையில் அக்கறை குறையும். நேர்மையான வக்கீலாக இருக்க முடியாது என்று தோன்றினால், வக்கீல் வேலையை விட்டுவிட்டு நேர்மையாக இரு.

77-க்கு எதிராக 6

இனி அவர் சட்டமன்ற வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1837 ஜனவரி. அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்று பேசுகிறவர்களைக் கண்டித்து இல்லினாய்ச் சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது. இல்லினாய் அடிமை முறையை ஏற்காத மாநிலம்தான். ஆனாலும் அங்கே கறுப்பினத்தாருக்கு வாக்குரிமை இல்லை. வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்லவும் முடியாது. தீர்மானத்துக்கு ஆதரவு 77. எதிர்ப்பு 6. அந்த ஆறு பேரில் ஒருவர், 27 வயது லிங்கன்.

வாக்களித்ததோடு அவர் நிற்கவில்லை. மார்ச் 3-ஆம் நாள், டான் ஸ்டோன் என்ற இன்னோர் உறுப்பினரோடு சேர்ந்து, அடிமை முறை அநீதி, கெட்ட கொள்கை என்று எழுதிக் கையெழுத்திட்டு அவைக் குறிப்பில் பதிவு செய்தார். அத்தனை பெரிய அவையில் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டே பேர்!

உள்ளதை முழுக்கச் சொல்ல வேண்டும். அதே தாளில், ஒழிப்புப் பிரசாரம் தீமையைக் குறைக்காமல் கூட்டிவிடும் என்றும் எழுதியிருந்தார்கள். தலைநகரை வண்டேலியாவிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்றும் வாக்கெடுப்பு பிப்ரவரி 28-ஆம் நாள் முடிந்த பிறகுதான் அந்தத் தாளைக் கொடுத்தார். முன்னதாகக் கொடுத்திருந்தால் வாக்குக் குறையும் அல்லவா? சாமர்த்தியக்காரர்தான். அதே ஆண்டில் சாலை, கால்வாய், ரயில் பாதை என்று ஒரு கோடி டாலர் அளவுக்குத் திட்டம் போட்ட சட்டத்தையும் முன்னின்று ஆதரித்தார். அந்த ஆண்டே நாடெங்கும் பொருளாதார வீழ்ச்சி வந்தது. திட்டங்கள் பாதியில் நின்றன. மாநிலம் பல்லாண்டுகள் கடன் சுமந்தது. ஆசை நல்லது, கணக்குத் தப்பு.

இரண்டு பெண்கள், இரண்டு வழக்குகள்

1841. நான்ஸ் என்ற கறுப்பினப் பெண். அவரை ஒருவர் இன்னொருவருக்கு விற்று, அதற்குக் கடன் பத்திரம் எழுதி வாங்கியிருந்தார். நான்ஸ் சும்மா இருக்கிறவர் அல்லர். தம் விடுதலைக்காக முன்பே நீதிமன்றப் படி ஏறியவர். பத்திரப் பணம் கேட்டு வழக்கு வந்தபோது, பணம் தர மறுத்த பெய்லி என்பவருக்காக லிங்கன் மாநில உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். இந்த மாநிலத்தில் எந்த மனிதரும் சுதந்திர மனிதர் என்றே கருதப்பட வேண்டும், சுதந்திர மனிதரை விற்க முடியாது, ஆகவே இந்தப் பத்திரம் செல்லாது என்பது வாதம். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நான்ஸ் சுதந்திரமானார்.

இங்கேயே கதையை முடித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் இது பள்ளிக்கூடம். பாதி உண்மை சொல்லிக் கைதட்டல் வாங்கக் கூடாது.

1847. ஜேன் பிரையன்ட் என்ற பெண். அவரும் நான்கு பிள்ளைகளும் மேட்சன் என்ற கென்டக்கிக்காரரின் அடிமைகள். மேட்சனுக்கு இல்லினாயிலும் ஒரு பண்ணை. அங்கே அவர்களை வேலைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். மறுபடி கென்டக்கிக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளை விற்றுவிடுவார்களோ என்று அஞ்சிய அந்தத் தாய், பிள்ளைகளோடு தப்பி ஓடி நல்லவர்கள் சிலரிடம் அடைக்கலம் புகுந்தார். வழக்கு நடந்தது. லிங்கன் யார் பக்கம் வாதாடினார் தெரியுமா? மேட்சன் பக்கம்! அந்தத் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் எதிராக!

வந்த கட்சிக்காரருக்கு வாதாடுவது வக்கீல் கடமை என்பார்கள் சிலர். இருக்கலாம். ஆனால் அவர் வாழ்வில் இது ஒரு கறை. கறையைக் கறை என்றே சொல்ல வேண்டும். நல்ல வேளை, அந்த வழக்கில் லிங்கன் தோற்றார். ஜேனும் பிள்ளைகளும் விடுதலை பெற்றார்கள். ஆறே ஆண்டு இடைவெளியில் ஒரே வக்கீல், இரண்டு பக்கம். பின்னாளில், 1863 ஜனவரி முதல் நாள், அடிமை விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டதும் அதே கைதான். ஒரு தவறோடு ஒரு மனிதரின் கதை முடிந்துவிடுவதில்லை. ஒருமுறை தவறிய பிள்ளையைப் பார்த்து, "இது உருப்படாது" என்று சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழக்கையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 1858 மே மாதம். டஃப் ஆம்ஸ்டிராங் என்ற இளைஞன் மேல் கொலைக் குற்றம். இரவு 11 மணிக்கு நிலா வெளிச்சத்தில் அடித்ததைப் பார்த்தேன் என்று சாட்சி திரும்பத் திரும்பச் சொன்னார். நல்லா பார்த்தீங்களா, நிலா எங்கே இருந்தது என்று லிங்கன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போனார். பிறகு 1857-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டினார். அந்த நேரத்தில் நிலா மேற்கே இறங்கி மறையும் தறுவாயில் இருந்தது! டஃப் விடுதலையானான். நியூ சேலத்தில் வறுமைப்பட்டுக் கிடந்த காலத்தில் அந்த இளைஞனின் தாய் ஹன்னா லிங்கனுக்குச் சோறு போட்டவர், துணி தைத்துக் கொடுத்தவர். அதனால் ஒரு காசும் வாங்கவில்லை. புத்தகத்தில் ஒரு வரி ஓர் உயிரைக் காத்தது. அந்த ஒரு வரியைத் தேடிப் படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தார்.

தகப்பனும் மகனும்

இனிச் சொல்லப் போவது பெற்றோர்களுக்கு.

1851 ஜனவரியில் தாமஸ் லிங்கன் சாகக் கிடந்தார். மகனுக்குக் கடிதம் போயிற்று. மகன் வரவில்லை. மனைவி பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள் என்று பதில் எழுதினார்; நாங்கள் சந்தித்தால் அது மகிழ்ச்சியைவிட வேதனையாகவே இருக்குமோ என்றும் எழுதினார். இறுதிச் சடங்குக்கும் போகவில்லை. கெட்ட மகன் அல்லர் அவர். பெற்றோர் கடைசி வரை குடியிருந்து அனுபவிக்கட்டும் என்று 1841-இலேயே 40 ஏக்கர் நிலத்தை 200 டாலர் கொடுத்து வாங்கி அவர்களிடமே விட்டுவைத்தவர். தகப்பனார் இறந்த பிறகு, 1853-இல் பிறந்த மகனுக்குத் தாமஸ் என்றே பெயர் வைத்தார். பாசம் இருந்தது. பேச்சுத்தான் இல்லை.

நான் இதைப் படித்தபோது அழுதேன். ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். நானும் பால்மரத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான். என் அண்ணன் என்னைவிட நன்றாகப் படிப்பார். ஆறாம் வகுப்போடு அப்பா அவரை நிறுத்திவிட்டார். விடியற்காலைப் பெரட்டுக்கு அப்பாவோடு அண்ணனும் போனார். அவர் வெட்டிய பாலில்தான் நான் படித்தேன். அப்பாவும் என்ன செய்வார்? ஆறு வயிறு, இரண்டு சம்பளம். அண்ணன் எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அப்பா கண்ணை மூடும் வரை அண்ணன் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதும் இல்லை. "அப்பா தண்ணி கேக்குறாரு"ன்னு என்கிட்டதான் சொல்வார். நான் வாங்கிய ஒவ்வொரு பரிசும் அண்ணனுக்கு உரியது.

யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. வறுமை தகப்பனையும் மகனையும் எப்படிப் பிரிக்கும் என்று நான் வீட்டிலேயே பார்த்தவன். உங்கள் வீட்டில் அது நடக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

சிற்றன்னையின் கதை இதற்கு நேர்மாறு. 1861 ஜனவரி இறுதி. அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட லிங்கன் தலைநகர் வாஷிங்டனுக்குப் புறப்பட வேண்டும். நாடு பிளந்துகொண்டிருக்கிறது, தலைக்கு மேல் வேலை. அந்த நெருக்கடியிலும் ரயிலேறி, வண்டி பிடித்து, கிராமத்தில் இருந்த அந்த முதியவரைப் பார்க்கப் போனார். தகப்பனாரின் கல்லறைக்கும் போனார், சாகக் கிடந்தபோது போகாத மகன். சிற்றன்னை கட்டிப்பிடித்து அழுதார். உன்னை இனிப் பார்க்க மாட்டேன் என்று தம் மனம் சொல்லியதாகப் பின்னாளில் சொன்னார். அப்படியே ஆயிற்று. 1865 ஏப்ரல் 14-ஆம் நாள் லிங்கன் சுடப்பட்டார்; மறுநாள் காலை இறந்தார்.

எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்மணி மகனுக்கு ஒரு பாடமும் சொல்லித் தரவில்லை. அவருக்குத் தெரியாது. அவர் செய்தது ஒன்றுதான்: பிள்ளை படிக்கும்போது படிக்க விட்டார். எந்த ஏழைத் தாயும் செய்யக்கூடிய காரியம் அது. அதற்குப் பணம் வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம், பட்டம் வேண்டாம்.

அந்தச் சிறுவன் அதிபரான பிறகு செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1862 ஜூலை 2. உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த நேரம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அரசாங்க நிலத்தை ஒதுக்கி, அதில் வரும் பணத்தில் உழவும் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகள் தொடங்கலாம் என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். உழவன் வீட்டுப் பிள்ளைக்கும் கல்லூரி என்ற கதவு அங்கே அகலத் திறந்தது. ஓராண்டு கூடப் பள்ளி பார்க்காதவர் போட்ட கையெழுத்து அது.

ஆகவே பெற்றோர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் சாப்பிட்டு முடித்துப் பத்து நிமிடம் தொலைக்காட்சியை அணையுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "எங்கே, உம் புத்தகத்தைச் சத்தமா வாசி, கேப்போம்"னு சொல்லுங்கள். உங்களுக்குப் புரியவில்லை என்றாலும் பரவாயில்லை, தலையை ஆட்டுங்கள். நாளைக்கும் கேளுங்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். "இவன நிப்பாட்டிடலாமா" என்ற எண்ணம் என்றைக்காவது வந்தால், முடிவு செய்வதற்கு முன்னால் ஒருமுறை இந்தப் பள்ளிக்கு வந்து ஆசிரியரைப் பாருங்கள். வழி இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. லிங்கன் உடுப்புக்கும் படுக்கைக்கும் கேட்டார்.

பிள்ளைகளே, பரிசு வாங்குகிறவர்கள் வாங்குங்கள், வாழ்த்துகள். வாங்காதவர்கள் நன்றாகக் கைதட்டுங்கள். தட்டி முடித்துவிட்டு, 13 பேரில் 8-ஆவதாக வந்த மனிதர் மறுநாள் என்ன செய்தார் என்று நினைத்துப் பாருங்கள். மறுபடி புத்தகத்தை எடுத்தார்.